வீங்கிய நரம்பா, மேடிட்ட நரம்பா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. கண்ணாடி மாற்றுவதற்காகக் கண் பரிசோதனைக்குச் சென்றபோது, இரண்டு கண்களிலும் பார்வை நரம்பு வீங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார். ஓசிடி ஸ்கேன் அறிக்கையில் நரம்பு நார் அடுக்கின் சராசரித் தடிமன் வலக்கண்ணில் 138 மைக்ரான், இடக்கண்ணில் 131 மைக்ரான் என்று இருக்கிறது. மூளையை ஸ்கேன் செய்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்கள். பயந்துபோய் இன்னொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் கண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துவிட்டு, இது ட்ரூசன், பிறவியிலிருந்து இருப்பது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். மகளுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. இரண்டு மாதமாகத் தலைவலி உண்டு. படிப்பினால் வருவது என்று நினைக்கிறோம். முகப்பருவுக்கு மூன்று மாதமாகச் சாப்பிடும் மாத்திரையைத் தவிர வேறு மருந்து எதுவும் இல்லை. யார் சொல்வதை நம்புவது? எந்த ஸ்கேன் உண்மையைச் சொல்லும்?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களைவிட அதன் கடைசிப் பகுதியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு செய்திகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, இரண்டு மாதத் தலைவலி. மற்றொன்று, மூன்று மாதமாகச் சாப்பிடும் முகப்பரு மாத்திரை. இவற்றை இரண்டு மருத்துவர்களிடமும் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால், 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்ற முடிவை இப்போதைக்கு ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. அந்த மருத்துவர் பார்த்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அவர் பார்த்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதிலிருந்து அவர் வந்த முடிவுக்கு அது மட்டும் போதாது.

ஏன் போதாது என்பதை விளக்க, நரம்பு எப்படி மேடிடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. விழித்திரையிலிருந்து புறப்படும் ஏறத்தாழ 10 முதல் 12 லட்சம் நரம்பு நார்கள், சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை வழியாகக் கண்ணை விட்டு வெளியேறி மூளையை நோக்கிச் செல்கின்றன. கண்ணுக்குள் பார்க்கும்போது வட்டமாகத் தெரியும் அந்த இடத்தைத்தான் நரம்பு வட்டு, அதாவது ஆப்டிக் டிஸ்க் என்கிறோம். கண்ணுக்குப் பின்னால் அந்த நரம்பைச் சுற்றியிருக்கும் உறை மூளையைச் சுற்றியிருக்கும் உறையின் தொடர்ச்சியே. அதற்குள் இருப்பதும் அதே மூளைத் தண்டுவட நீர்தான். ஆகவே தலைக்குள் அழுத்தம் கூடினால் அது நரம்பின் உறைக்குள்ளும் கூடி, நார்களுக்குள் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் உட்பொருள் ஓட்டத்தை வட்டின் அருகில் தடுத்து நிறுத்திவிடுகிறது. அணை கட்டிய வாய்க்காலைப் போல நார்கள் உப்புகின்றன. இதுதான் பாப்பிலெடிமா. தலைக்குள் அழுத்தம் கூடியதால் வரும் வட்டு வீக்கத்துக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. வேறு காரணத்தால் வட்டு வீங்கினால் அதை அப்படி அழைப்பதில்லை.

ட்ரூசன் என்பது முற்றிலும் வேறு. வட்டுக்குள், நரம்பு வெளியேறும் சல்லடைத் தகட்டுக்கு முன்புறத்தில், புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து இறுகிய சிறு கட்டிகள் தங்கியிருக்கும். அவை இடத்தை அடைத்துக்கொள்வதால் வட்டு மேடாகத் தெரிகிறது, நார்கள் உப்பியிருப்பதில்லை. பிரேதப் பரிசோதனை ஆய்வுகளின்படி 100 பேரில் சுமார் 2 பேருக்கு இவை இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டு கண்களிலும் இருக்கும். குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. சிறு வயதில் ஆழத்தில் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவை, வளரும் பருவத்தில் மெல்ல மேற்பரப்புக்கு வருகின்றன. உங்கள் மகளின் வயதில் குழப்பம் அதிகமாவதற்கு இதுவே காரணம்: பாதி புதைந்தும் பாதி வெளிப்பட்டும் இருக்கும் நிலையில் வட்டு பார்ப்பதற்கு வீக்கத்தைப் போலவே இருக்கும். இந்த இடத்தில் நீங்களும் உங்கள் மனைவியும் உதவ முடியும். உங்கள் இருவரின் கண்களையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் ஒருவரின் வட்டில் ட்ரூசன் தெரிந்தால், மகளைப் பற்றிய விடையும் ஓரளவு தெளிவாகும்.

இந்தச் சிக்கல் புதியதல்ல. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை வெளியிட்டதிலிருந்தே மருத்துவர்கள் வீங்கிய வட்டையும் வீங்கியதுபோலத் தோன்றும் வட்டையும் பிரித்தறியப் போராடிவருகிறார்கள். இன்றைக்கும், கண்மணியை விரித்து நிதானமாகப் பார்க்கும் ஒரு தேர்ந்த கண்ணுக்கு ஈடாக எந்த ஸ்கேனும் முழுமையாக வந்துவிடவில்லை என்பதே என் எண்ணம். உண்மையான வீக்கத்தில் நரம்பு நார்கள் மங்கி ஒளி புகாததாக ஆகிவிடுவதால், வட்டின் ஓரத்தைக் கடந்து செல்லும் இரத்தக் குழாய்கள் அந்த இடத்தில் மறைந்தும் மங்கியும் தெரியும்; சில சமயம் தீற்றல் போன்ற சிறு இரத்தக் கசிவுகளும் இருக்கும். ட்ரூசனில் வட்டின் விளிம்பு கரடுமுரடாக இருந்தாலும் குழாய்கள் மேலே தெளிவாகவே ஓடும். வட்டின் நடுவில் இருக்க வேண்டிய குழி இருக்காது. குழாய்கள் வழக்கத்துக்கு மாறாக முன்னதாகவே கிளை பிரியும். வட்டின் மையத்தில் சிரைகள் தாமாகத் துடிப்பதும் ஒரு நல்ல குறி. 10 பேரில் ஏறத்தாழ 8 அல்லது 9 பேரிடம் இதைக் காணலாம். துடிப்பு தெளிவாகத் தெரிந்தால் அந்த நேரத்தில் தலைக்குள் அழுத்தம் அதிகமாக இருக்க வாய்ப்பு குறைவு. துடிப்பு இல்லாவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இயல்பானவர்களிலும் சிலருக்கு அது இருப்பதில்லை.

இனி உங்களைக் கலங்கவைத்த அந்த 138-க்கும் 131-க்கும் வருவோம். 1991-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஓசிடி, ஒளியைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளை மைக்ரான், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அளவில் அளக்கும் முறை. வட்டைச் சுற்றி ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்தில் நரம்பு நார் அடுக்கின் தடிமனை எடுத்துச் சராசரி சொல்லும். பெரியவர்களுக்கு இயல்பாக அது 90 முதல் 100 மைக்ரானை ஒட்டி இருக்கும். உங்கள் மகளின் எண்கள் அதைவிடக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் தொடக்க நிலைப் பாப்பிலெடிமாவிலும் இந்த அளவு வரும், புதைந்த ட்ரூசனிலும் வரும். எண் 200-ஐத் தாண்டிச் செல்லும்போது வீக்கம் என்று துணிந்து சொல்லலாம். இடைப்பட்ட இந்தப் பகுதியில் தடிமன் மட்டும் எதையும் தீர்மானிக்காது. அறிக்கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று வரும் நிறங்களும் நோயின் பெயர்கள் அல்ல. கருவியில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் இயல்பான மனிதர்களின் அளவுகளோடு ஒப்பிட்டு, மெலிந்த 5 சதவீதத்துக்குள் வந்தால் மஞ்சள், 1 சதவீதத்துக்குள் வந்தால் சிவப்பு, மிகத் தடித்தவர்களின் பகுதியில் விழுந்தால் வெள்ளை என்று அது நிறம் தீட்டுகிறது, அவ்வளவுதான். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கும் வட்டு சாய்ந்திருப்பவர்களுக்கும் நோய் எதுவும் இல்லாமலே சிவப்பு வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

ஓசிடியின் உண்மையான பயன் அந்த ஒற்றை எண்ணில் இல்லை. வட்டின் குறுக்குவெட்டுப் படத்தில் இருக்கிறது. உங்கள் மகளுக்கு வட்டின் ஊடாக, ஆழத்தைத் தெளிவாகக் காட்டும் முறையில் நெருக்கமான வெட்டுப் படங்கள் எடுக்கப்பட்டனவா என்று கேளுங்கள். அப்படி எடுத்தால், ட்ரூசன் உட்புறம் கறுத்து, விளிம்பு முழுவதுமோ பகுதியாகவோ ஒளிர்ந்து, சல்லடைத் தகட்டுக்கு மேலே நிற்கும் உருண்டையாகத் தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். வட்டின் ஓரத்தில், சுற்றிலும் மோதிரம் போல, உட்புறமும் வெளிச்சமாகத் தெரியும் முட்டை வடிவத் திரட்சிகளைப் பல ஆண்டுகள் ட்ரூசன் என்றே எழுதிவந்தார்கள். 2018-இல் ட்ரூசனை ஆராயும் பன்னாட்டு மருத்துவர் குழு வெளியிட்ட பரிந்துரையில், இவை ட்ரூசன் அல்ல என்று தெளிவுபடுத்தினார்கள். ஃபோம்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவை, நெருக்கடியில் பக்கவாட்டில் பிதுங்கிய நரம்பு நார்களே. இவை ட்ரூசனோடும் காணப்படும், சாய்ந்த வட்டிலும் காணப்படும், பாப்பிலெடிமாவிலும் காணப்படும். எனவே ஃபோம்ஸைப் பார்த்துவிட்டு ட்ரூசன் என்று எழுதி ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது ஆபத்தான பிழை. அதே குறுக்குவெட்டில், வட்டின் இருபுறமும், விழித்திரைக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலமான ப்ரூக் சவ்வின் முனைகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து அழுத்தம் தள்ளும்போது அம்முனைகள் கண்ணின் உட்புறம் நோக்கி வளையும். அழுத்தம் குறைந்ததும் அந்த வளைவும் தணியும்.

இரண்டாவது மருத்துவர் எடுத்த அல்ட்ராசவுண்ட், அதாவது பி-ஸ்கேன், எளிதானது, வலியற்றது, சுண்ணாம்பேறிய ட்ரூசனைப் பிடிப்பதில் மிகச் சிறந்தது. ஆனால் முறைப்படி எடுத்திருக்க வேண்டும். கருவியின் ஒலி உணர்திறனைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரும்போது சுற்றியுள்ள திசுக்கள் எல்லாம் மங்கி மறைந்த பிறகும், வட்டில் ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று நின்று, தனக்குப் பின்னால் நிழல் விழச் செய்தால் அதுவே ட்ரூசன். அதிக உணர்திறனில் எடுத்த ஒரே படத்தில் வட்டு வெளிச்சமாகத் தெரிவதை மட்டும் கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. இளம் வயதினரின் புதைந்த ட்ரூசனில் சுண்ணாம்பு இன்னும் சேராமல் இருக்கலாம் என்பதால், பி-ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ட்ரூசன் இல்லை என்று அடித்துச் சொல்ல இயலாது. தன்னொளிர்வுப் படமும் இதே வகைதான்: மேற்பரப்பில் இருக்கும் ட்ரூசன் அதில் தானே ஒளிரும், ஆழத்தில் இருப்பது ஒளிராமல் போகலாம்.

இந்த எல்லாப் படங்களிலும் நான் உங்கள் மகளுக்கு அடுத்ததாகக் கேட்பது, கையின் சிரையில் ஃப்ளோரெசீன் சாயத்தைச் செலுத்தி எடுக்கும் கண் ஆஞ்சியோகிராம். உண்மையாக வீங்கிய வட்டின் நுண்குழாய்கள் சாயத்தைக் கசியவிடும். நிமிடங்கள் செல்லச் செல்ல அந்த ஒளி வட்டின் எல்லையைத் தாண்டிப் பரவி, விளிம்பை மங்கச் செய்யும். ட்ரூசன் சாயத்தை உறிஞ்சி ஒளிரலாம், ஆனால் ஒளி அதன் எல்லைக்குள்ளேயே நிற்கும், கசியாது. இதைச் சரியாகப் படிப்பதற்குப் பிந்திய நிமிடங்களில் எடுத்த படங்களும் வேண்டும். தொடக்கப் படங்களோடு நிறுத்திவிட்டால் கசிவை நிறமேற்றம் என்று தவறாக எண்ண நேரும்.

இப்போது முகப்பரு மாத்திரைக்கு வருகிறேன். அதற்காகத் தரப்படும் மருந்துகளில் டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் ஆகியவையும், வைட்டமின் ஏ-யிலிருந்து உருவான ஐசோட்ரெட்டினாயினும் தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. இரண்டு வகைகளையும் ஒன்றாகக் கொடுக்கவே கூடாது என்ற விதி இதனால்தான் இருக்கிறது. உங்கள் மகளின் மாத்திரை அட்டையில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால், காத்திருக்காமல் அதை எழுதித் தந்த தோல் மருத்துவரிடம் இன்றே பேசி, நிறுத்துவதைப் பற்றி முடிவு செய்யுங்கள். மருந்து தொடங்கி மூன்று மாதம், தலைவலி தொடங்கி இரண்டு மாதம் என்ற இந்தக் கால வரிசையைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கான நேரடி விடையும் இருக்கிறது. யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேருமே சரியாக இருக்க முடியும். ட்ரூசன் உள்ள ஒருவருக்குப் பாப்பிலெடிமா வரக் கூடாது என்று எந்த நியதியும் இல்லை. பி-ஸ்கேனில் தெரிந்த புள்ளி, அங்கே ஒரு கட்டி இருக்கிறது என்பதற்குச் சான்று. அதைச் சுற்றியுள்ள நார்கள் உப்பவில்லை என்பதற்குச் சான்று அல்ல. அறிக்கையில் ட்ரூசன் என்ற சொல் ஒருமுறை ஏறிவிட்டதால், அதன்பின் யாரும் வட்டை மறுபடி ஐயத்தோடு பார்க்காமல் பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் சுற்றிலும் தெரியும் பரப்பு, சுருங்கிய நிலையில் வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தச் சுருக்கம் வெளியிலிருந்து உள்நோக்கி வருவதால், எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிப்பவருக்கும் அது நடந்துகொண்டிருக்கலாம். 'பார்வை நன்றாக இருக்கிறது' என்ற உங்கள் வரி எனக்கு மகிழ்ச்சி தருகிறது, நிம்மதி தரவில்லை. பார்வைப் புலப் பரிசோதனை இதுவரை செய்யப்படவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

மகளிடம் தனியாக, அவசரப்படுத்தாமல், சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். குனியும்போதோ சட்டென்று எழும்போதோ ஓரிரு விநாடிகள் பார்வை மங்கித் திரும்புகிறதா? காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து காற்று வீசுவதுபோல ஓசை கேட்கிறதா? தொலைவில் உள்ளவை பக்கவாட்டில் இரண்டாகத் தெரிகின்றனவா? படுத்திருக்கும்போதும் விடியற்காலையிலும் தலைவலி கூடுகிறதா? அண்மையில் உடல் எடை கூடியிருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால்கூட, அழுத்தம் பற்றிய ஐயம் வலுப்படும். இளம் பெண்களுக்கு, குறிப்பாக எடை கூடியிருப்பவர்களுக்கு, மூளையில் கட்டி எதுவும் இல்லாமலே இந்த அழுத்தம் வருவதுண்டு. காலத்தில் கண்டுபிடித்தால் காரணமான மருந்தை நிறுத்துவது, எடையைக் குறைப்பது, அழுத்தத்தைக் குறைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை ஆகியவற்றால் பார்வையைக் காப்பாற்ற முடியும். இரத்த அழுத்தத்தையும் அளந்துவிடுங்கள். மிக அதிகமான இரத்த அழுத்தமும் இரு வட்டுகளையும் வீங்கச் செய்யும். அதைக் கண்டறிய ஒரு நிமிடம் போதும், ஆனால் ஸ்கேன்களுக்கு நடுவே அது மறந்துபோகிறது.

மூளை ஸ்கேனையும் முதுகு ஊசியையும் நீங்கள் ஒரே மூச்சில் அஞ்சுகிறீர்கள். அவற்றைப் பிரித்துப் பாருங்கள். தலைவலியும் ஐயத்துக்குரிய மருந்தும் மேடிட்ட வட்டுகளும் ஒருங்கே இருக்கும் ஒருவருக்கு, மூளையின் எம்ஆர்ஐயும் அதோடு சிரைகளுக்கான எம்ஆர் வெனோகிராமும் தேவை என்றே நான் கருதுகிறேன். கட்டியோ நீர்த்தேக்கமோ மூளைச் சிரையில் இரத்தம் உறைந்திருப்பதோ இல்லை என்று உறுதிப்படுத்துவது முதல் நோக்கம். அதே படத்தில், பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழி வெறுமையாகத் தோன்றுவது, கண்கோளத்தின் பின்சுவர் தட்டையாவது, நரம்பு உறை நீரால் விரிந்திருப்பது ஆகிய அழுத்தத்தின் மறைமுகக் குறிகளையும் தேட முடியும். முதுகிலிருந்து நீர் எடுப்பது அதற்குப் பிறகுதான், அதுவும் ஆஞ்சியோகிராமில் கசிவு தெரிந்தாலோ வட்டில் இரத்தக் கசிவு இருந்தாலோ எம்ஆர்ஐயில் அழுத்தக் குறிகள் தெரிந்தாலோதான். ஒருக்களித்துப் படுக்கவைத்து அளக்கும் அந்த அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீரளவைத் தாண்டினால் பெரியவர்களுக்கு அது அதிகம். ஸ்கேன் இயல்பாக இருந்து, கசிவு எதுவும் இல்லாமல், ட்ரூசனும் ஐயமின்றித் தெரிந்து, மருந்தை நிறுத்தியபின் தலைவலியும் நின்றுவிட்டால், அந்த ஊசி தேவைப்படாமலே போகலாம்.

பார்வை நரம்பின் வேறு நோய்கள் இருக்குமோ என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். நரம்பு அழற்சி என்றால் பெரும்பாலும் ஒரு கண்ணில், விழியை அசைக்கும்போது வலியோடு, நாட்கணக்கில் பார்வையும் நிறங்களும் மங்கும். நரம்புக்கு இரத்த ஓட்டம் தடைபடும் நோய் பொதுவாக 50 வயதைக் கடந்தவர்களுக்கு, தூங்கி எழும்போது புலத்தின் மேல் பாதியோ கீழ்ப் பாதியோ மறைந்த நிலையில் தெரியவரும். அந்த வயதினருக்கு மெல்லும்போது தாடை வலியும், தலையைத் தொட்டால் வலியும் சேர்ந்திருந்தால், ஓசிடிக்காகக் காத்திருக்காமல் அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவு படங்கள் எடுத்தும் ஐயம் நீடித்தால், அதற்குக் காலமே துணை. ட்ரூசன் வாரக்கணக்கில் மாறாது, வீக்கம் மாறும். எனவே அதே கருவியில், முந்தைய படத்தோடு இடம் பொருத்தி, மூன்று நான்கு வாரங்களில் ஓசிடியை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அளவீட்டில் ஐந்து மைக்ரான் வரை ஏற்ற இறக்கம் இயல்பு. 138 என்பது 160 ஆனாலோ 110 ஆனாலோ அது செய்தி. குறைந்துவிட்டது என்று உடனே மகிழவும் கூடாது. வீக்கம் வடிவதாலும் தடிமன் குறையும், நார்கள் மடிவதாலும் குறையும். இரண்டையும் பிரித்தறிய, விழித்திரையின் மையப் பகுதியில், இந்த நார்கள் புறப்படும் செல்களின் அடுக்கான கேங்லியான் செல் அடுக்கின் தடிமனையும் அளக்க வேண்டும். அந்த அடுக்கு நிலையாக இருக்க, வட்டைச் சுற்றிய தடிமன் மட்டும் குறைந்தால் அது குணமாதல். அதுவும் சேர்ந்து மெலிந்தால் அது இழப்பு. அறிக்கையின் இரண்டாவது பக்கத்தில் இருக்கும் இந்த அளவைப் பலர் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

முடிவில் வெறும் ட்ரூசன்தான் என்று தெரியவந்தாலும் அதைக் கோப்பில் முறையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கென்று சிகிச்சை இல்லை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலருக்குப் புலத்தின் ஓரங்கள் மெல்லக் குறையக்கூடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை புலப் பரிசோதனை போதுமானது. வட்டின் வண்ணப் படம் ஒன்று அவளிடம் எப்போதும் இருக்கட்டும். நாளை வேறொரு தலைவலிக்காக வேறொரு மருத்துவரிடம் செல்லும்போது, வட்டு முன்பும் இப்படித்தான் இருந்ததா என்று அவர் ஒப்பிட அந்தப் படம் உதவும்.

இந்த வாரத்துக்குள் நரம்பியல் சார்ந்த கண் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். செல்லும்போது அச்சிட்ட அறிக்கையை மட்டும் கொண்டுபோகாமல், ஓசிடி வெட்டுப் படங்களும் பி-ஸ்கேன் பதிவும் அடங்கிய கோப்புகளை இரண்டு இடங்களிலிருந்தும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அதற்கு முன்பே இரட்டைப் பார்வையோ, வாந்தியோடு கூடிய கடும் தலைவலியோ, மங்கித் திரும்பாத பார்வையோ ஏற்பட்டால், நாள் குறித்துக் காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.